அட்டை கையில் இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்: மாநகராட்சித் தேர்தல்

சென்னை மாமன்ற உறுப்பினர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். அவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. திருவொற்றியூரிலிருந்து திரு.வி.க. நகர் வரையுள்ள ஆறு மண்டலங்களின் 1 முதல் 78 வரையிலான வார்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

இருபது வருஷமா வாக்காளர் அட்டை வச்சிருக்கேன். போன தடவை பூத்துக்குப் போனா லிஸ்ட்ல பேரே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அட்டை இருந்தும் எப்படி மறுக்கலாம்?
*– வாசகர், தண்டையார்பேட்டை*

மறுத்தது சரிதான். அட்டை உங்களை அடையாளம் காட்ட மட்டுமே. ஓட்டுரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி பாஸ்புக் இவற்றில் ஒன்றைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் வார்டு வாக்காளர் பட்டியலை அவர்கள் புதிதாக எழுதுவதில்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து வார்டுக்கு வார்டு அடுக்குகிறார்கள். அதில் விட்டுப்போன பெயர் இதிலும் வராது. ஆகவே சட்டமன்றப் பட்டியலைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் பெரும்பாலும் தாமதமாகிவிடும்.

இடம்பெயர்ந்தவர், இறந்தவர், இரட்டைப் பதிவு என்ற காரணங்களில்தான் பெரும்பாலும் பெயர் நீக்கப்படுகிறது. 2025 இறுதியில் தொடங்கிய, பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் சிறப்பு தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பார்க்காதவர்கள் இன்றே பார்த்துவிடுங்கள். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் தேடலாம், 1950-க்கு போன் செய்தும் கேட்கலாம். ‘டிஎன்’ என்று தொடங்கி நடுவில் சாய்கோடுகள் வரும் பழைய அட்டை எண்ணைப் போட்டால் பல நேரம் எதுவும் வராது. இப்போதைய எண் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. பழைய அட்டைக்காரர்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொகுதி கொடுத்துத் தேடுங்கள்.

வடசென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருவொற்றியூர், மாதவரம் சட்டமன்றத் தொகுதிகள் மாநகராட்சி எல்லைக்குள் வந்தாலும், தேர்தல் பட்டியலில் அவை திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ் இருக்கின்றன. மாவட்டம் என்ற இடத்தில் சென்னையைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தொகுதியைக் காணோமே என்று தேடாதீர்கள்.

எங்க ஹவுசிங் போர்டு பிளாக்கை இடிச்சுக் கட்டறாங்க. ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கோம். வீடு திரும்பக் கிடைக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமாம். ஓட்டு என்ன ஆகும்?
*– வாசகி, புளியந்தோப்பு*

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகள் இடிபடும் இடமெல்லாம் இந்தச் சிக்கல் இருக்கிறது. சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் அங்கே தகரத் தடுப்பைத்தான் பார்ப்பார். கதவு இல்லை, ஆள் இல்லை. ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறிப்பு விழுந்தால் ஒரு பிளாக்கே பட்டியலிலிருந்து போய்விடும்.

தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஒருவர் ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ என்ற தகுதியை இழப்பதில்லை என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நீங்கள் திரும்பி வரப்போகிறவர் என்பது அலுவலருக்குத் தெரிய வேண்டும். பழைய ஒதுக்கீட்டு ஆணை, காலி செய்தபோது வாரியம் கொடுத்த கடிதம் இரண்டையும் நகலெடுத்து, பிளாக்கில் உள்ள எல்லாக் குடும்பங்களும் கையெழுத்திட்டு, வாக்காளர் பதிவு அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

இரண்டு வருடம் நீண்ட காலம் என்று தோன்றினால், வாடகை வீட்டு முகவரிக்குப் படிவம் 8-இல் மாற்றிக்கொண்டு, திரும்பி வந்ததும் மறுபடி மாற்றலாம். எங்கள் யோசனை இதுதான். இல்லாத கட்டடத்தின் முகவரியில் இருக்கும் பெயரை விட, ஆள் இருக்கும் வீட்டில் உள்ள பெயர் பத்திரமானது. புது இடம் வேறு வார்டில் வந்தால் அந்த வார்டு கவுன்சிலருக்குத்தான் ஓட்டு. அதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். வரைவுப் பட்டியல் வரும்போதெல்லாம் பெயரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

வாடகை வீடு. கரண்ட் பில் ஓனர் பேரில் இருக்கு, நகல் தர மாட்டேங்கிறார். எப்படிப் பேர் சேர்ப்பது?
*– வாசகர், வியாசர்பாடி*

அவர் பில் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் பெயரில் இல்லாததால் அது எப்படியும் அரைகுறைச் சான்றுதான். உங்கள் பெயரிலும் இப்போதைய முகவரியிலும் உள்ள ஆதார், வங்கி அல்லது தபால் அலுவலக பாஸ்புக், சமையல் எரிவாயு பில், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று போதும். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்திட்டது மட்டும் போதாது. பலர் ரேஷன் கார்டைக் கொண்டுபோய் ஏமாந்து வருகிறார்கள். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-இன் முகவரிச் சான்றுப் பட்டியலில் அது இல்லை.

எதுவுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரித்து நீங்கள் அங்கே குடியிருப்பதை உறுதி செய்வார். பகலில் வீடு பூட்டியிருக்கும் என்றால் அவரிடம் போனில் பேசி நேரம் சொல்லிவிடுங்கள். ஆள் இல்லை என்ற குறிப்போடு தள்ளுபடியாகும் விண்ணப்பங்கள் நிறைய. ஓனரின் சம்மதம் எங்கும் கேட்கப்படுவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் வருவதால் குடித்தனக்காரருக்கு வீட்டில் எந்த உரிமையும் வந்துவிடாது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

ராயபுரத்திலிருந்து மாதவரம் வந்துவிட்டோம். புதிதாக படிவம் 6 போடலாமா?
*– வாசகர், மாதவரம்*

கூடாது. தொகுதி மாறினாலும் 2022 ஆகஸ்ட் முதல் படிவம் 8 தான். படிவம் 6 முதன்முறை சேருபவர்களுக்கானது. அதில் வேறெங்கும் என் பெயர் இல்லை என்று உறுதிமொழி இருக்கிறது. பழைய பெயரை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்திட்டால் பொய் உறுதிமொழி ஆகிவிடும். அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இரட்டைப் பதிவு பிடிபட்டால் எந்தப் பெயரை நீக்குவார்கள் என்பதும் உங்கள் கையில் இல்லை.

நான் ஒரு பூத், மனைவி வேறு பூத். ஒரே வீடு!
*– வாசகர், பெரம்பூர்*

இரண்டு காரணங்கள் இருக்கலாம். உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களில் ஆண், பெண் வாக்குச்சாவடிகள் தனித்தனி. அதுவாக இருந்தால் தவறில்லை. மற்றது பழைய எண், புதிய எண் குழப்பம். ஒருவருக்குப் பழைய கதவு எண்ணும் மற்றவருக்குப் புதிய எண்ணும் பதிவாகி, குடும்பம் பட்டியலின் வேறு வேறு பாகங்களில் (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்) சிதறிவிடும். வார்டு எல்லை தெருவின் நடுவே போகும் இடத்தில் வார்டே மாறிவிடும். படிவம் 8-இல் ‘திருத்தம்’ பகுதியில் முகவரியைச் சரிசெய்யுங்கள். அதே வீட்டில் ஒழுங்காகப் பதிவாகியிருப்பவரின் பாக எண், வரிசை எண்ணையும் அலுவலரிடம் குறித்துக் கொடுங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அதே பள்ளிதான் வார்டு தேர்தலுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பாகங்கள் வேறு.

தேர்தல் அன்று விசைப்படகில் கடலுக்குள் இருந்தால் தபால் ஓட்டு உண்டா?
*– வாசகர், காசிமேடு*

இல்லை. உங்களுக்காக வீட்டார் போடவும் முடியாது. பல நாள் தங்கிப் பிடிக்கும் படகுகள் தேதி அறிவித்ததும் பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுவதே வழி. சங்கத்தில் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

மேயருக்குத் தனி ஓட்டு இருக்கா?
*– வாசகி, கொருக்குப்பேட்டை*

2011-இல் இருந்தது. 2022-இல் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் கையில் இருந்தது கவுன்சிலருக்கான ஒரு ஓட்டுதான்.

மகளுக்கு வரும் மே மாதம் பதினெட்டு முடிகிறது. ஜனவரி வரை காத்திருக்கணுமா?
*– வாசகி, எண்ணூர்*

வேண்டாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் உண்டு. மே மாதம் பதினெட்டு நிறைகிறவருக்கு ஜூலை 1 கணக்கு. பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்துவிடலாம். வயதுக்குப் பிறப்புச் சான்றோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ போதும். வெள்ளைப் பின்னணியில் எடுத்த கலர் பாஸ்போர்ட் படம் ஒன்று வேண்டும். சான்றிதழில் ‘எஸ்.’ என்று இனிஷியலும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் முதலில் ஒன்றைத் திருத்திவிடுங்கள். அட்டையில் எது ஏறுகிறதோ அதைத்தான் பின்னால் எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

பூத்துக்குப் போனபோது ஏற்கெனவே என் பேரில் யாரோ ஓட்டுப் போட்டுட்டாங்க. திரும்பி வந்துட்டேன். வேற என்ன செஞ்சிருக்கலாம்?
*– வாசகர், கொடுங்கையூர்*

திரும்பி வந்திருக்கக் கூடாது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அடையாள ஆவணத்தைக் காட்டி ‘ஆய்வுக்குரிய வாக்கு’ கேட்க வேண்டும். நாம் டெண்டர் ஓட்டு என்று சொல்வது இதைத்தான். கேள்விகள் கேட்டு நீங்கள்தான் அந்த நபர் என்று திருப்தியானால் அச்சிட்ட வாக்குச்சீட்டு தருவார். இயந்திரத்தில் போட முடியாது. அதில் முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் வைத்து, உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. முடிவை எதிர்த்து வழக்கு வந்தால் உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்ததற்கு எழுத்துப்பூர்வமான சான்று அதுதான். அறையில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களின் முகவர்களிடமும் அந்த நிமிடமே சொல்லுங்கள். சாயங்காலம் தெருவில் சொன்னால் யாரும் பதிவு செய்ய மாட்டார்கள்.