ஸ்டியரிங் கியரில் ஆட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

1951 செவ்ரோலே பிக்கப் வைத்திருக்கிறேன். மூன்று கியர், ஸ்டியரிங்குக்குக் கீழேயே கம்பியைப் பிடித்து மாற்றும் ஹேண்ட் கியர். ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு மாற்றும்போது நடுவில் மாட்டிக்கொள்கிறது. புரசைவாக்கத்தில் சிக்னலிலேயே இரண்டு முறை நின்றுவிட்டேன். மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். (பெரம்பூர் வாசகர்)

பொறுங்கள், இறக்க வேண்டாம். ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கம் இரண்டு சின்ன லீவர்கள் இருக்கும். ஒன்று ஃபர்ஸ்ட், ரிவர்ஸுக்கு. மற்றது செகண்ட், தேர்டுக்கு. நீங்கள் கியர் கம்பியை உங்கள் பக்கம் இழுத்தால் உள்ளே இருக்கும் பின் முதல் லீவரைப் பிடிக்கும், தள்ளினால் அடுத்ததை. எழுபது வருடத் தேய்மானத்தில் அந்தப் பின்னின் முனையும் அது மாட்டும் லீவர் காடியின் (பள்ளத்தின்) ஓரமும் மழுங்கிவிடும். அப்போது ஒன்றை முழுதாக விடுமுன் இன்னொன்றையும் பாதி இழுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழக்கூடாது என்று கியர்பாக்ஸுக்குள் ஒரு பூட்டு உண்டு. அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

ரோட்டில் மாட்டினால் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பானெட்டைத் திறங்கள். இரண்டு லீவரையும் கையால் நியூட்ரலுக்குத் தள்ளி ஒரே நேரில் நிறுத்தினால் வண்டி கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒருவரை உள்ளே உட்கார்ந்து கியர் மாற்றச் சொல்லிவிட்டு, கீழே நடப்பதை நீங்களே பாருங்கள். மேலே கம்பி நகர்ந்தும் கீழே லீவர் தயங்கினால் கோளாறு தண்டில். லீவர் ஒழுங்காக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால்தான், லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்க் ராடையும் கியர்பாக்ஸையும் சந்தேகப்பட வேண்டும்.

தண்டில்தான் என்றால், பின் முனையையும் காடி ஓரத்தையும் வெல்டு வைத்து நிரப்பி, அரம் போட்டுச் சதுரமாக்கலாம். மேல்கீழ் ஆட்டத்தை மெல்லிய வாஷர் எடுத்துவிடும். கடைசியில் நியூட்ரலில் இரண்டு லீவரையும் நேர்ப்படுத்தி, லிங்க் ராடு அழுத்தாமல் தானாக ஓட்டையில் உட்காரும்வரை நீளத்தைச் சரிசெய்யுங்கள். இந்த கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் புதிதாகப் போட்ட பின்னும் சீக்கிரமே மழுங்கிவிடும்.

கம்பி மேலும் கீழும் தொளதொளவென்று ஆடுகிறது. புதுப்பேட்டையில் பழைய கம்பி ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா? (திருவான்மியூர்)

அதுவும் உங்கள் கம்பியின் வயதுதானே! ஆட்டம் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். கம்பி மாட்டியிருக்கும் பின்னில் கொஞ்சம், தண்டின் அடி புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் வளையத்தில்) கொஞ்சம், ஒவ்வொரு லிங்க் முனையிலும் கொஞ்சம் என்று சேர்ந்து கைக்கு வரும்போது பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு மூட்டையும் விரலால் பிடித்துக்கொண்டு கம்பியை ஆட்டிப் பாருங்கள், தேய்ந்த இடம் அங்கேயே தெரியும். ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் லேத்தில் பெரிதாக்கி கன்மெட்டல் புஷ் அடித்து, அளவுக்குப் புதுப் பின் போடச் சொல்லுங்கள். பழைய துண்டுகளை எல்லாம் லேத்துக்கு எடுத்துப் போங்கள், வாய்வார்த்தையில் அளவு சொல்லாதீர்கள். கடலோர வீடு என்பதால் கிரீஸைத் தாராளமாக வையுங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கியர்த் தண்டில் வெல்டு வைக்கலாம், ஸ்டியரிங் ஷாஃப்டில் யாரையும் தீ வைக்க விடாதீர்கள். கியர் போனால் வண்டி நிற்கும், ஸ்டியரிங் போனால் உயிர்.

மழை வெள்ளத்தில் என் அம்பாசடர் இரண்டு நாள் நின்றது. அதிலிருந்து ஹேண்ட் கியர் இறுகிப்போயிருக்கிறது. (வேளச்சேரி)

முதலில் கியர்பாக்ஸ் ஆயில். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அந்த ஆயிலை இன்றே வடித்துவிடுங்கள். வண்டியை நகர்த்தவும் வேண்டாம். தண்டைப் பொறுத்தவரை அடி புஷ்ஷில் கிரீஸ் கழுவிப்போய் துரு ஏறியிருக்கும். மேலே ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எமரி போட்டு, புதுக் கிரீஸ் வைத்தால்தான் தீரும்.

ரிவர்ஸ் போட்டாலே கரகரவென்று சத்தம். லிங்க் ராடு மாற்றியும் போகவில்லை. (தாம்பரம்)

கிளட்சைப் பாருங்கள். முழுதாக மிதித்து நாலைந்து நொடி பொறுத்துப் போட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம்.

அப்பா ஓட்டிய பிக்கப் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. ஃப்ளோர் கியராக மாற்றிவிடு என்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. (ஆழ்வார்பேட்டை வாசகி)

அப்பா பக்கம்தான் நானும், அம்மா. 2021 விதிகளின்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, தொழிலுக்கு ஓட்டாத இருசக்கர வண்டியையும் காரையும் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். பிக்கப்புக்கு இது பொருந்துமா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. ஃப்ளோர் கியருக்காகத் தரைத் தகட்டை வெட்டிவிட்டு அப்புறம் வருந்துவானேன்? முன் சீட்டில் மூன்று பேர் காலை நீட்டி உட்கார முடிவதே கியர் மேலே இருப்பதால்தான். அந்த சீட்டில் அப்பா பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து போயிருப்பீர்கள். முதலில் புஷ், பின், லிங்க் மூன்றையும் ஒரு நல்ல லேத்காரரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.