முதல் தளபதி யார் என்று கேட்கிற பையனை என்ன படிக்க வைப்பது?

போன வாரம் ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், பையனை என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. பையன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான், மதிப்பெண்ணும் மோசமில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. "எந்நேரமும் நோட்டில் ராணுவத் தளபதிகள் பேரையே எழுதிக்கொண்டிருக்கிறான் சார், இது எந்தச் சோற்றுக்கு ஆகும்?" என்றார். தாய்மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 12 லட்சம். இருக்கிற அரை ஏக்கரை விற்றுவிடலாம் என்பது அவர் கணக்கு.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

முதல் பக்கத்தில் ஒரே கேள்வி: சுதந்திர இந்திய ராணுவத்தின் முதல் தளபதி யார்? கீழே மூன்று பதில்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று பதவிக்கு வந்தவர் ராப் லாக்ஹார்ட், ஆங்கிலேயர். 1949 ஜனவரி 15 அன்று ராய் புச்சரிடமிருந்து பொறுப்பை வாங்கிய கரியப்பா முதல் இந்தியர். அந்த நாளைத்தான் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் இவர்களுக்கெல்லாம் பதவிப் பெயர் கமாண்டர்-இன்-சீஃப். 1955இல் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள், அதற்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமும் வந்தது. ராணுவத் தலைமைத் தளபதி என்ற பெயரில் முதலில் இருந்தவர் ராஜேந்திரசிங்ஜி. பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: "அரசியலமைப்பின் 53ஆவது பிரிவுப்படி படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம். அப்புறம் இன்னொரு கமாண்டர்-இன்-சீஃப் எப்படி?"

அடுத்த பக்கம் பின்னோக்கிப் போகிறது. 1905இல் பிரிட்டிஷ் இந்தியப் படைத் தளபதி கிச்சனரோடு மோதி வைஸ்ராய் கர்சனே ராஜினாமா செய்தது. டெல்லியில் தளபதிக்காகக் கட்டிய மாளிகை சுதந்திரத்துக்குப் பிறகு நேருவின் வீடானது, இன்றைய தீன்மூர்த்தி பவன். கடைசிப் பக்கத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பதவி. கார்கில் போருக்குப் பிறகு 2001இல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. 2020 ஜனவரி 1 அன்றுதான் பிபின் ராவத் அதில் அமர்ந்தார். பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி.

அம்மா, இதை மனப்பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கேள்விக்கு ஏன் மூன்று பதில் வருகிறது என்று 17 வயதில் தோண்டிப் பார்த்திருக்கிறான். நிலத்தை விற்று இந்தப் பையனை நான்கு வருடம் கோடிங் வகுப்பில் உட்காரவைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாமா உடனே, "அப்படியென்றால் ராணுவ அதிகாரியாக என்.டி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதட்டும், கோச்சிங் சேர்த்துவிடலாம்" என்றார். பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "எனக்கு அந்த நாற்காலியில் உட்கார ஆசை இல்லை மாமா. அதில் யாரை, எதற்கு உட்காரவைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளணும்." இதற்குமேல் அவனை யாரும் கேட்கத் தேவையில்லை. சீருடை வேண்டாம் என்கிறவனைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பாதீர்கள்.

யாரும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போரியல் துறையில் எம்.ஏ. குன்னூர் பக்கத்தில் வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் படிக்கிற ராணுவ அதிகாரிகளுக்குப் பட்டம் கொடுப்பதும் இதே பல்கலைக்கழகம்தான். ராவத் எம்.ஃபில். வாங்கியதும் இங்கேதான். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் இந்தப் போரியலுக்குத் தனிப் பாடமே உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். பேராசிரியர் வேலை, டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள், ஆவணக் காப்பகங்கள் என்று வாசல்கள் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணப் பதிவேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மதராஸ் ராணுவத்துக்கென்று தனிக் கமாண்டர்-இன்-சீஃப் இருந்த காலம் அது. வங்காளம், மதராஸ், பம்பாய் என்ற மூன்று மாகாணப் படைகளும் ஒன்றானது 1895இல்தான். அந்தக் கதையைத் தமிழில் எழுத ஆள் வேண்டும் என்று நான் வெகுநாளாக ஆசைப்படுகிறேன்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இது மெதுவான வழி. சம்பளம் பார்க்க ஆறேழு வருடமாவது ஆகும். ஜே.ஆர்.எஃப். எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆங்கிலத்தில் பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகியே ஆகவேண்டும், தம்பிக்கு அது இப்போது வராது. தினமும் இரண்டு பக்கம் ஆங்கிலம் படிக்கச் சொல்லியிருக்கிறேன். எம்.ஏ. முடிக்கும்போது மனம் மாறினால் போட்டித் தேர்வு இருக்கிறது, பி.எட். இருக்கிறது. அப்போதும் அந்த அரை ஏக்கர் உங்கள் கையில் இருக்கும். 12 லட்சம் கொடுத்த பிறகு பாதியில் மனம் மாறினால் என்ன இருக்கும், நீங்களே யோசியுங்கள்.

சொந்தக்காரர்கள் கேட்டால் "பையன் சென்னைப் பல்கலைக்கழகம் போகப்போகிறான்" என்று சொல்லுங்கள், பொய்யில்லை. அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். விடுமுறையில் ஒருநாள் அவனைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.