மோட்டார் கேள்வி-பதில்: பிரஷ் மாற்றியும் பொறி நிற்கவில்லையே!

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கிறேன். பழைய பொருள் சந்தையில் 1950களின் ஹூவர் ஜூனியர் வாக்குவம் கிளீனர் ஒன்று வாங்கினேன். ஓடும்போது மோட்டாருக்குள் நீலப் பொறி பறக்கிறது, கருகல் வாடையும் வருகிறது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டையும் மாற்றினேன். சில வாரத்தில் அவையும் பாதியாகத் தேய்ந்துவிட்டன. பேசாமல் வேறு மோட்டார் வைத்துவிடலாமா?
– வாசகி, வெம்பிளி

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிவேலில்தான் ஹூவர் தொழிற்சாலை இருந்தது. 1930களில் கட்டிய அந்தக் கட்டடத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட்டும் வீடுகளும் இருக்கின்றன. அந்தக் காலத்து மோட்டாரைக் கழற்றலாம், பழுது பார்க்கலாம், திரும்பப் பூட்டலாம். அதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

பிரஷ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? அது உரசும் கம்யூட்டேட்டரைப் பாருங்கள். செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, இரண்டு பட்டைக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா வைத்திருப்பார்கள். நாளாக நாளாகச் செம்பு தேயும், மைக்கா அவ்வளவாகத் தேயாது. அது மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பிரஷ் அதன்மேல் ஏறி ஏறிக் குதிக்கும்; குதிக்கிற ஒவ்வொரு தடவையும் பொறி, பொறியால் செம்பில் குழி. அதில் புது பிரஷ் போடுவது அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்ப்பது மாதிரிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் மைக்கா எழும்பியிருக்கிறது, அல்லது செம்பு குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆர்மேச்சரை (கம்யூட்டேட்டரோடு சேர்ந்து சுழலும் பகுதி) லேத்தில் மாட்டி, செம்பு சமமாகும் வரை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். அப்புறம், பல்லின் பக்கவாட்டைத் தேய்த்து மெலிதாக்கிய ஹேக்சா பிளேடால் மைக்காவை அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறக்குங்கள். இடுக்கில் செம்புத் தூள் ஒரு பொட்டு தங்கினாலும் ஷார்ட் ஆகும். பழைய டூத் பிரஷால் சுத்தமாகத் தட்டி எடுங்கள். மெருகுக்கு எமரி பேப்பர் கூடவே கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்துவிடும். நைஸான சாதாரண உப்புத்தாள் போதும்.

ஆனால் அங்கே நிறுத்தினால் பொறி திரும்ப வரும். ஹூவர் மாதிரி நின்றபடி தள்ளும் பழைய மெஷின்களில் குப்பை முதலில் விசிறிக்குள் புகுந்துதான் பைக்குப் போகும். காசு, ஹேர்பின், சின்னக் கல் எல்லாம் விசிறி இதழில் மோதும். ஒரு இதழ் ஓரம் உடைந்தாலும் எடை ஒரு பக்கம் சாயும். மோட்டார் அதிரும், பேரிங் தேயும், ஆர்மேச்சர் ஆடும். ஆடுகிற கம்யூட்டேட்டரில் எந்த பிரஷும் ஒழுங்காக உட்காராது. அதனால் என் பட்டறையில் நான் முதலில் பார்ப்பது விசிறியைத்தான்.

தரையைத் தேய்க்கும் உருளையைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் கைப்பிடி அதிர்ந்தால் விசிறியோ பேரிங்கோ காரணம். நிறுத்தி, பிளக்கை எடுத்துவிட்டு ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கழற்றிய பிறகு இரும்பில் உரசிய தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் வெளியே இருக்கும் ஃபீல்டு இரும்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆர்மேச்சரில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு என்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம்.

கம்யூட்டேட்டரில் ஒரே ஒரு பட்டையின் ஓரம் மட்டும் கறுத்துக் கருகியிருந்தால் ஆர்மேச்சரில் காயில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் காயில் கட்டித்தான் ஆக வேண்டும். பழைய காயிலை வெட்டுவதற்கு முன் எத்தனை சுற்று என்பதையும் கம்பி கேஜையும் (தடிமன்) எழுதி வைக்கச் சொல்லுங்கள். அது தொலைந்தால் சரியாகக் கட்டுவது ரொம்பக் கஷ்டம். இன்னொன்று, அந்தக் காலத்து ரப்பர் ஒயர் வெடித்திருக்கும். இனி ஓட்டிப் பார்க்கும் முன் அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 80களில் வாங்கிய வாக்குவம் கிளீனருக்கு பிரஷ் கிடைக்கவில்லை. மிக்சி பிரஷைத் தேய்த்துப் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் ஒரே வகை மோட்டார்தான், அதனால் போடலாம். ஆனால் அளவு மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மிக்சி ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான் ஓடும், வாக்குவம் கிளீனர் அரை மணி நேரம் விடாமல் ஓடும். கார்பன் மிருதுவாக இருந்தால் சீக்கிரம் கரையும், கடினமாக இருந்தால் செம்பைத் தின்னும். பழைய பிரஷின் துண்டைக் கடைக்கு எடுத்துப்போய் அதே தரம் கேளுங்கள். ஹோல்டருக்குள் தடையில்லாமல் வழுக்க வேண்டும், லொடலொடவென்று ஆடவும் கூடாது. நீளம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் முன் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய எலக்ட்ரோலக்ஸ் வாக்குவம் கிளீனரை நம் ஊர் பிளக்கில் செருகினோம். அலறிவிட்டு நின்றுபோனது. போயே போய்விட்டதா?
– வாசகர், திருச்சி

பதில்: 120 வோல்ட் மெஷினில் 230 கொடுத்திருக்கிறீர்கள். உடனே குப்பையில் போட வேண்டாம், திறந்து பாருங்கள். செம்புப் பட்டை எதுவும் மேலே தூக்கவில்லை, காயில் வார்னிஷ் கருகவில்லை, உறைக்குள் ஈயத் துளிகள் மட்டும் சிதறிக் கிடக்கின்றன என்றால் நம்பிக்கை உண்டு. கம்யூட்டேட்டரில் பற்றவைத்த இடம் சூட்டில் உருகியிருக்கிறது. அதைத் திரும்பப் பற்றவைக்கலாம். சரியான பிறகு 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே ஓட்டுங்கள். மெஷின் தகட்டில் உள்ள வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இந்த வகை மோட்டாருக்குப் பிரச்சினை இல்லை.