கற்றாழை ஜெல் கெடாமலிருக்க நாவல் கொட்டைச் சாறு போதுமா?

கேள்வி: வீட்டில் கற்றாழை ஜெல் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். பாராபென் (பொருள் கெடாமலிருக்கச் சேர்க்கும் செயற்கை ரசாயனம்) போட விருப்பமில்லை. நாவல் கொட்டை, மாங்கொட்டைப் பருப்பு, பப்பாளி விதை இவற்றின் சாறு பாக்டீரியாவைக் கொல்லும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைச் சேர்த்தால் ஜெல் கெடாதா? அல்லது ஆன்லைனில் விற்கும் கிரேப்ஃப்ரூட் விதைச் சாற்றை வாங்கலாமா?

பதில்: ஆய்வுகள் பொய்யில்லை. ஆனால் உங்கள் ஜெல்லை அவை காப்பாற்றாது.

அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். காய்ந்த கொட்டையை அரைத்து மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் பிசுபிசுவென்று ஒரு பழுப்புக் கூழ் மிஞ்சும். பாக்டீரியா பூசிய அகர் (நுண்ணுயிர் வளர்க்கும் கெட்டிக் கூழ்) தட்டில் சின்னக் குழி போட்டு அதைக் கரைத்து ஊற்றி, 37 டிகிரியில் ஓரிரவு வைப்பார்கள். மறுநாள் குழியைச் சுற்றி எதுவும் வளராத தெளிவான வட்டம் தெரியும். அதை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்ததும் 'ஆன்டிபாக்டீரியல்' என்று எழுதிவிடலாம். வட்டம் பெரிது என்றால் சாறு வீரியமானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அகரில் சுலபமாகப் பரவும் பொருளும் பெரிய வட்டம் போடும். கரைப்பானே வட்டம் போடும். அதை மட்டும் தனிக் குழியில் வைத்துப் பார்த்தார்களா என்று முதலில் தேடுங்கள்.

அப்புறம் அளவு. நல்ல ஆன்டிபயாடிக் ஒரு மில்லிக்குச் சில மைக்ரோகிராமிலேயே வேலையை முடித்துவிடும். விதைச் சாறுகளுக்குப் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு. அவ்வளவு போட்டால் உங்கள் ஜெல் பழுப்பாகி, துவர்ப்பில் தோலை இழுக்கும்.

நாவல் கொட்டையிலும் மாங்கொட்டையிலும் வேலை செய்பவை டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் கேலிக் அமிலமும். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் இவற்றுக்குக் கொஞ்சம் பணியும். ஈ.கோலை, சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்களுக்கு வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வு இருப்பதால் சுலபத்தில் அசையாது. லோஷன், ஜெல் கெட்டுப்போவதில் முக்கியமான ஆளே சூடோமோனாஸ்தான். பப்பாளி விதை வேறு ரகம். பச்சை விதையை நசுக்கி முகர்ந்தால் கடுகு நெடி ஏறும். அது பென்சைல் ஐசோதயோசயனேட், நுண்ணுயிர்களுக்கு உண்மையிலேயே ஆகாதது. ஆனால் விதையை நசுக்கும்போதுதான் ஒரு நொதியால் அது உருவாகிறது. முழு விதையைக் கொதிக்க வைத்தால் நொதி போய்விடும். நசுக்கித் திறந்து வைத்தால் நெடியோடு அதுவும் பறந்துவிடும். மிஞ்சியது தோலை எரிக்கும்.

வீட்டில் கொட்டையைத் தண்ணீரில் காய்ச்சி எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தே இறங்கும். அந்தக் கஷாயத்தை வெளியே வைத்துப் பாருங்கள், சில நாளில் மேலே படலம் கட்டும். தன்னையே காக்க முடியாததை ஜெல்லுக்குக் காவலாகப் போடச் சொல்கிறார்கள்!

கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, பம்பளிமாசின் உறவு) விதைச் சாறு கதை சுவாரசியமானது. அது நிஜமாகவே பாக்டீரியாவைக் கொல்கிறது. 1999-இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் ஆய்வாளர்கள் கடையில் விற்ற ஆறு சாறுகளைச் சோதித்தார்கள். ஐந்தில் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. சிலவற்றில் டிரைக்ளோசான் என்ற இன்னொரு செயற்கைக் கிருமிநாசினியும், நீங்கள் வேண்டாமென்று ஒதுக்கும் மெத்தில் பாராபெனும் இருந்தன. எதுவும் கலக்காத ஆறாவது சாறு பாக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை. விதையிலிருந்து அவர்களே எடுத்த சாறும் அப்படித்தான். 2001-இல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் சோதித்த ஒரு திரவச் சாற்றில் பென்செத்தோனியம் குளோரைடு மட்டும் சுமார் 8 சதவீதம். 'இயற்கை' என்ற லேபிளுக்குக் கூடுதல் விலை கொடுத்து அந்தச் செயற்கைக் கிருமிநாசினியைத்தான் வாங்குவீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? பாராபென் இல்லாமலும் வழி இருக்கிறது. சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் என்ற இரண்டு பதப்படுத்திகளும் சேர்ந்து, ஜெல்லின் பிஹெச் (புளிப்புத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5-க்குக் கீழே இருந்தால், பூஞ்சையை நன்றாகத் தடுக்கும். பிஹெச் பட்டை வாங்கி ஒவ்வொரு முறையும் பாருங்கள். 5-ஐத் தாண்டத் தாண்ட இரண்டின் வீரியமும் குறையும். சூடோமோனாசுக்கு ஃபீனாக்சி எத்தனால் என்ற பதப்படுத்தி நல்லது, ஆனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கண்ணளவு வேண்டாம், டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

எதுவுமே போட மனமில்லையென்றால் ஜெல்லை விற்காதீர்கள். மில்லிக்கு லட்சக்கணக்கில் பாக்டீரியா இருந்தாலும் ஜெல் தெளிவாக, வாசனையாகவே இருக்கலாம். உங்களுக்கு மட்டும் கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள். நாவல் கொட்டைப் பொடி பிடிக்குமென்றால் ஈரமில்லாத ஃபேஸ்பேக்காக வையுங்கள், பூசும்போது தண்ணீர் கலந்தால் போதும். இந்தியாவில் அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க உரிமம் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு பாட்டில் வீட்டில் இருந்தால், சளிக்கு என்று சொல்லி யாரும் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தொடவே கூடாது. ஸ்வீடனில் வார்ஃபரின் எடுத்துவந்த ஒரு தம்பதிக்கு இதைக் குடித்ததும் ரத்தம் உறையும் தன்மை அபாயகரமாகக் குறைந்தது பதிவாகியிருக்கிறது.