அலாரம் அடித்தால் கை நடுங்குகிறது

கேள்வி: வயது 25. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், நர்சிங் மாணவியாக வார்டில் நின்றேன். ஓர் ஆச்சி, சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் போனில் பேச வேண்டும் என்றார். ‘பொறுங்க ஆச்சி, வர்றேன்’ என்று பக்கத்துப் படுக்கைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. இப்போதும் மானிட்டர் அலாரம் அடித்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. தூக்கம் இல்லை. ஈ.சி.ஜி. நார்மல். அம்மா கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறார். எனக்கு என்ன?

பதில்: அம்மா சுற்றிப் போடட்டும், மிளகாய் நெடியைத் தாங்க முடிந்தால் சரி. கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், படபடப்புக்கு இவையும் காரணமாகலாம்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரும் அதிர்ச்சிக்குப் பின் மனதில் தங்கிவிடும் உளைச்சல் என்றே நினைக்கிறேன். அந்த நாட்களில் அலாரம் என்றால் ஓர் உயிர் போகிறது என்று மூளை பழகிவிட்டது. இன்று சென்சார் விரலிலிருந்து கழன்று சத்தம் போட்டாலும் அதே பயம்தான் கிளம்புகிறது. ஒரு மாதம் தாண்டியும் இது விடவில்லை என்றால் சிகிச்சை தேவை. உங்களுக்கோ வருடக்கணக்காகிவிட்டது.

படபடப்பை விட ‘பொறுங்க ஆச்சி’தான் உங்களை அதிகம் வாட்டுகிறது. ஒன்று கேட்கிறேன். பக்கத்துப் படுக்கைக்கு ஏன் போனீர்கள்? அதை எழுதவே இல்லையே! அங்கே யாரோ மூச்சுக்குத் திணறியிருப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு ஆள், அதுவும் படிக்கிற பிள்ளை. அடுத்த முறை ஆச்சி நினைவுக்கு வரும்போது அந்தப் படுக்கையில் இருந்தவரையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நானும் அப்போது சிஸ்டர்களிடம் ‘தைரியமா இருங்கம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தவன்தான். கவச உடைக்குள் மணிக்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவர்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்து, ‘இன்னைக்கு என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது உங்களுக்குக் கீழே மாணவிகள் வருவார்கள். ஒரு மரணம் நடந்த ஷிப்ட் முடிந்ததும் அவர்களை அப்படிக் கேளுங்கள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சை நன்றாகவே பலன் தரும். சிலருக்குச் சில மாதம் மாத்திரையும் வேண்டியிருக்கும். வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், விடுவது கஷ்டம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ், எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

அப்புறம், ஆச்சி விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? தெரிந்திருந்தால் கண்ணேறு என்று சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இன்று டியூட்டி முடிந்து போனதும் முகப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.