வாங்கிய மசாலா பிளாக் டீ வாசனையாக இருக்கிறது, குடித்தால் கசக்கிறது. டீ சரியில்லையா, எனக்குப் போடத் தெரியவில்லையா?

இரண்டில் எது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நான் கீழக்கரை. வாப்பா கொழும்பில் பல வருடம் தேத்தண்ணிக் கடையில் வேலை பார்த்தவர், எங்கள் வீட்டில் பால் இல்லாத தேத்தண்ணிக்கு இன்றும் பிளேன்டீ என்றுதான் பெயர். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாக்கு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாக்கெட்டை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். பட்டைத் துண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். இலங்கைப் பட்டை காகிதம் மாதிரி மெல்லிசு, சுலபமாக நொறுங்கும்; கட்டையாக, உடைக்க முடியாமல் இருந்தால் அது கேசியா என்ற வேறு வகைப் பட்டை, விலை குறைந்தது, காரமும் முரட்டுக் காரம். ஏலக்காய் என்று பச்சைத் தோல் மட்டும் கிடந்து உள்ளே இருக்கவேண்டிய கறுப்பு விதையைக் காணோம் என்றால் உங்களுக்குக் குப்பையை விற்றிருக்கிறார்கள், வாசனை விதையில்தான் இருக்கிறது. கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். அப்புறம் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்க்கப்பட்ட சுவையூட்டி என்று இருக்கிறதா பாருங்கள். பிரிக்கும்போது வீடே மணக்கிறது, கோப்பையில் ஒன்றுமே இல்லை என்ற கதைக்குப் பெரும்பாலும் காரணம் அந்த ஒரு வரிதான். போன வருடம் நானும் 100 கிராம் 600 ரூபாய் கொடுத்து அப்படி ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன்.

இப்போது ருசி. டீ ருசி பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது, 1980ல் வந்தது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி 6 நிமிடம். பாலும் வேண்டாம் சீனியும் வேண்டாம். இது குடிப்பதற்கான அளவு இல்லை, குறையைக் காட்டிக்கொடுப்பதற்கான அளவு, கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். வடிகட்டி, வாய் சுடாத சூட்டில் ஒரு கரண்டி எடுத்து வெட்கப்படாமல் சத்தமாக உறிஞ்சுங்கள், அப்போதுதான் ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். மசாலா டீயைப் பொறுத்தவரை பாதி தீர்ப்பு மூக்கில்தான்.

வாப்பா சொல்வது, "மொதல்ல தேத்தண்ணியக் குடி, பொறவு மசாலாவக் குடி." அதாவது ஏலக்காயையும் கிராம்பையும் மனதால் ஒதுக்கிவிட்டு அடியில் இருக்கும் தேயிலை எப்படி என்று கேட்பது. துவர்ப்பு வேறு, கசப்பு வேறு. நாவல்பழம் தின்றால் நாக்கு ஓரம் இழுக்குமே, அது துவர்ப்பு, நல்ல பிளாக் டீயில் அது இருந்தே ஆகவேண்டும், சுருக்கென்று வந்து சட்டென்று விலகி வாயைச் சுத்தமாக விட்டுப்போகும். பாகற்காய் மாதிரி அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றால் அது கசப்பு. மட்டமான தூளை மறைக்கத்தான் நிறையப் பேர் கிராம்பை அள்ளிப் போடுகிறார்கள், அதில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் நாக்கை மரக்கவைத்துவிடும் (பல்வலிக்குக் கிராம்பு வைப்பதும் அதற்குத்தான்), நாக்கு மரத்தபிறகு எந்தத் தூளாக இருந்தால் என்ன? குடித்து முடித்து நுனிநாக்கு மதமதவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நுவரெலியா மாதிரி உயரத்தில் விளைகிற மெல்லிய தேயிலையில் மசாலா போடுவதும் எனக்குப் பிடிக்காது. பூ வாசனை எல்லாம் பட்டையில் அமுங்கிப்போகும். மசாலாவைத் தாங்க அசாம் அல்லது இலங்கையின் தெற்கே காலி, மாத்தறை ஊர்கள் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை மாதிரி நிறமும் கனமும் உள்ளதுதான் சரி.

ஆனால் தூளைக் குற்றம் சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒருநாள் ஒரே பாக்கெட்டை வைத்து மூன்று கண்ணாடிக் கிளாஸில் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் போட்டது மை மாதிரி கறுத்துவிட்டது, இரண்டு நிமிடத்தில் மேலே எண்ணெய் போல ஒரு ஆடை, கரண்டியால் தொட்டால் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி பிரிகிறது, குடித்தால் மசாலாவும் இல்லை டீயும் இல்லை, சப்பென்று கிடக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீரில் போட்டது செம்பழுப்பு, அதுதான் மூன்றில் சிறந்தது. கேன் தண்ணீரில் நிறம் பளிச், ஆனால் துவர்ப்பு கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. அந்த ஆடை தூளின் கோளாறு இல்லை, தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து. நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஆடை மறைந்து நிறமும் வெளுத்துவிடும். இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: நல்ல கெட்டி டீயை ஆறவைத்து பிரிட்ஜில் வைத்தால் கலங்கும். கெட்டுப்போனது என்று கொட்டுகிறார்கள், பாவம், காஃபீனும் தேயிலைச் சத்தும் ஒன்றுசேர்வதால் வருகிற கலங்கல் அது, தூள் கனமானது என்பதற்கே அது அடையாளம்.

தேயிலை எங்கள் கரைக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன காலத்தில் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்த பிறகுதான் கடல் தாண்ட விட்டார்கள். சரி, அது வேறு கதை.

உங்கள் கசப்புக்கு வருகிறேன். எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டுக் கொதிக்கவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பட்டைக்கும் சுக்குக்கும் கொதி வேண்டும், தேயிலைக்குக் கொதி ஆகாது, ஏலக்காய் வாசனையோ கொதித்தால் ஆவியோடு பறந்துவிடும். கலந்தே வருகிற பாக்கெட்டில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு மூடி நாலே நிமிடம் வையுங்கள், கசப்பு போய்விட்டால் தப்பு உங்கள் கையில். மசாலா போதவில்லை என்றால் கொஞ்சம் பட்டையும் சுக்கும் தனியாக ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரிலேயே போடுங்கள். கருப்பட்டியை மட்டும் ருசி பார்க்கிற அன்றைக்குத் தொடாதீர்கள், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எந்த மட்டத் தூளையும் நல்லதாக்கிக் காட்டிவிடும்.

நான்கு நிமிடத்திலும் கசந்தால் தூள்தான் மோசம். என் 600 ரூபாய்ப் பாக்கெட்டைப் பாலும் சீனியும் ஊற்றி நன்றாகக் கொதிக்கவைத்து விருந்தாளிகளுக்குக் கொடுத்தே தீர்த்தோம், இரண்டு பேர் எங்கே வாங்கினது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.