பிள்ளை மலேசியாவுக்கு ஆடுவானா? பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

கோலாலம்பூர் செந்தூலில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. தேசிய இளையோர் அணியைப் பற்றித் திடலோரத்திலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகனுக்கு 12 வயது. தேசிய இளையோர் அணிக்கு எங்கே மனு போடுவது? (செந்தூல், ஓர் அம்மா)

மனு என்று எதுவும் கிடையாது அக்கா. அவன் ஆடுவதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்கிற ஆள் வருகிற இடங்கள் சில இருக்கின்றன. பள்ளி அணியிலிருந்து வட்டார அளவு, அப்புறம் கோலாலம்பூர் பள்ளிகள் அணி, அதற்கு மேல் எம்எஸ்எஸ்எம் என்கிற தேசியப் பள்ளிகள் போட்டி. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் மொக்தார் டஹாரி அகாடமி பகாங்கில், கம்பாங்கில் இருக்கிறது. அங்கே போனால் விடுதி வாழ்க்கைதான். கொஞ்சம் வளர்ந்த பிறகு கிளப்புகளின் இளையோர் அணிகள் மோதும் பியாலா பெலியா, பியாலா பிரெசிடென் போட்டிகள். யாராவது பணம் கட்டினால் தேசியத் தேர்வுக்கு அனுப்புகிறோம் என்றால், அந்தப் பணத்தில் பையனுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

2018இலும் 2022இலும் ஆசியான் 19 வயதுக்குட்பட்டோர் கிண்ணம் நமக்குத்தான். பெரிய அணியில் ஏன் அது தெரியவில்லை? (கெப்போங், ஓர் அப்பா)

நல்ல கேள்வி அண்ணா. எனக்குக் கோபம் வருகிற கேள்வியும் இதுதான்.

இளையோர் அணி கிண்ணம் வாங்கினால் நானும் கை தட்டுவேன். ஆனால் அந்த அணி இருப்பது கிண்ணத்துக்காக இல்லை, மேலே ஆள் அனுப்புவதற்காக. 1997இல் உலக இளையோர் கிண்ணம் நம் நாட்டில் நடந்தது. நாம் மூன்று ஆட்டமும் தோற்றோம். பிரான்சுக்கு ஆன்ரியும் இங்கிலாந்துக்கு ஓவனும் ஆடினார்கள். ஷா ஆலாமில் உருகுவேயை 2-1 என்று வென்று கிண்ணம் தூக்கியது அர்ஜென்டினா. ரிக்கெல்மே, அய்மார், கம்பியாசோ மூவரும் அந்த அணியில். பயிற்றுநர் பெக்கர்மேன். 2006 உலகக் கிண்ணத்துக்கு அர்ஜென்டினாவின் பெரிய அணியை அழைத்துப் போனவரும் அவர்தான், அந்த மூவரும் கூடவே இருந்தார்கள். இளையோர் அணி செய்ய வேண்டிய வேலை அதுதான்.

நம்மிடமும் ஒருமுறை அது நடந்தது. 2009 லாவோஸ் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த 23 வயதுக்குட்பட்ட அணி வியட்நாமை 1-0 என்று வென்று, 20 வருடத்துக்குப் பிறகு தங்கம் கொண்டுவந்தது. பெரிய அணியும் அவர் கையில் இருந்ததால் அந்தப் பிள்ளைகள் பலரை நேராக மேலே ஏற்றினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆசியான் கிண்ணம். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தோம், ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் கிண்ணம் நமக்குத்தான். அன்றைக்கு மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் கையில் குவளையோடு டிவி முன்னால் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒரு மேசைக்கும் தண்ணீர் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது ஓட்டை எங்கே என்றால், 18க்கும் 22க்கும் நடுவில். 19 வயதில் கிண்ணம் தூக்கிய பையன் கிளப்புக்குப் போகிறான். அவன் ஆடுகிற இடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் இருப்பார். பையன் இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், எந்தப் பயிற்றுநர் வந்தும் அவனை எழுப்ப முடியாது.

அதற்குத்தானே ஹரிமாவ் மூடா இருந்தது? ஏன் கலைத்தார்கள்? (அதே அண்ணன்)

2007இல் தொடங்கி 2015இல் மூடிவிட்டார்கள். இளையோர் அணியையே ஒரு கிளப் போல லீக்கில் இறக்கினார்கள். 2009இல் நம் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கான பிரீமியர் லீக்கை வென்றது. 2012இல் சிங்கப்பூர் லீக்கிலும் ஆடியது. ஆட்டக்காரரை வளர்ப்பது கிளப்பின் வேலை, மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் வேலை இல்லை என்பது மூடச் சொன்னவர்களின் வாதம். வாதம் சரிதான். ஆனால் கிளப்புகள் தயாராகும் முன்னே மூடிவிட்டோம் என்பது என் எண்ணம்.

என் பையன் டிசம்பரில் பிறந்தவன். தேர்வில் எப்போதும் ஒதுக்கிவிடுகிறார்கள். ராசி சரியில்லையா? (அம்பாங், ஓர் அம்மா)

ராசி இல்லை அக்கா, நாள்காட்டி. வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கு. ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும் ஒரே பிரிவில் நிற்பார்கள், நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. 13 வயதில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள்தான் அதிகம்.

சில வருடம் முன்னால் ஆறு பையன்களை ஒரு தேர்வுக்கு அழைத்துப் போனேன். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். முதுகில் ஊசி குத்திய எண், ஆளுக்கு இருபது நிமிட ஆட்டம். நம் பையன் டிசம்பர்க்காரன், பொடியன். எப்போதும் வலது பின்காவல் ஆடுகிறவனை இடது ஓரத்தில் நிற்க வைத்தார்கள். ஏழாவது நிமிடத்தில்தான் முதல் பந்து வந்தது. முன்னால் இருவர் மறித்ததைப் பார்த்தான், நிதானமாகத் திரும்பி நடுத்திடல் ஆட்டக்காரனுக்குப் பின்னால் கொடுத்தான். அடுத்து இரண்டு பந்து, அப்புறம் விசில். திரும்பும்போது வேனில் நாசி லெமாக் பொட்டலத்தை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, "கோச், நான் பின்னால கொடுத்தது தப்பா?" என்றான். அன்றைக்கு அந்தத் திடலில் நான் பார்த்த மிகச் சரியான பாஸ் அது. அதை அவனிடம் சொன்னேன், நம்பவில்லை. இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். வாரம் ஒருமுறை ஃபுட்சால் ஆடுவதோடு சரி.

உங்கள் பையனை 16 வயது வரைக்கும் விடாமல் ஆட வையுங்கள். உடம்பு அப்புறம் சமமாகிவிடும்.

கிளப் விடமாட்டேன் என்றால் பையன் சீ விளையாட்டுக்குப் போக முடியாதா? (பத்து கேவ்ஸ்)

முடியாது. ஃபிஃபா நாள்காட்டியில் சீ விளையாட்டு இல்லை, அதனால் கிளப்புக்குக் கட்டாயம் இல்லை. கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

15 வயதிலேயே ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடலாமா? ஏஜெண்டு ஒருவர் பேசுகிறார். (பங்சார்)

அந்த ஏஜெண்டிடம் ஃபிஃபா விதியைப் பற்றிக் கேளுங்கள். சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு கிளப் மாற முடியாது. லுக்மான் ஹக்கீம் 2018 ஆசிய 16 வயதுப் போட்டியில் 5 கோல் அடித்தவர். பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் கிளப் 2019இலேயே அவரைப் பேசி முடித்தும், போய்ச் சேர்ந்தது 18 ஆன பிறகுதான். அங்கேயும் முதல் அணியில் அதிகம் ஆடவில்லை. திறமை இல்லாமல் இல்லை. திரும்பவும் அதே பெஞ்சுக் கதை.

தாத்தா பாட்டி இங்கே பிறந்தவர்கள் என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தால் வேலை முடிந்ததே? (கெப்போங் அண்ணன், மறுபடியும்)

2025 செப்டம்பரில், பூர்வீகத்தைக் காட்டிய ஆவணங்கள் போலி என்ற விவகாரத்தில் அப்படி வந்த 7 பேருக்கு 12 மாதத் தடை, சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் என்று ஃபிஃபா அறிவித்ததே அண்ணா. அந்தக் காசுக்கு எத்தனை திடலுக்குப் புல் போடலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள்.

தேசிய அணியில் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஏன் குறைந்துவிட்டார்கள்? வேண்டுமென்றே ஒதுக்குகிறார்களா? (பிரிக்பீல்ட்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சார், நீங்கள் தேசிய அணியின் பின்காவல் எம். சந்திரனையும் கோல்காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தையும் பார்த்த தலைமுறை. தேர்வில் பாரபட்சமே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தேர்வு வரைக்கும் வருகிற நம் பிள்ளைகளே குறைவு. அதைத் தினமும் பார்க்கிறேன். அப்பா இருந்த தோட்டத்தில் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே திடல். வேலை முடிந்ததும் பெரியவரும் சிறியவரும் கலந்து ஆடுவார்களாம். 14 வயதுப் பையன் முப்பது வயதுக்காரரிடம் இடி வாங்கியே தேறுவான். நாம் ஃபிளாட்டுக்கு வந்தோம், கீழே கார் நிறுத்துமிடம். எங்கள் குழுவுக்கே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத் திடலுக்கு வாடகை கட்டுகிறேன்.

இன்னொன்று, விடுதிக்கு அனுப்ப மனம் வருவதில்லை. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) பயமும் உண்டு, தப்பு சொல்ல முடியாது. 2018 ஆசிய 23 வயதுப் போட்டியின் காலிறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக நம் ஒரே கோலை அடித்தவர் தனபாலன். 1-2 என்று தோற்றோம். மறுநாள் பயிற்சியில் என் பிள்ளைகளில் பாதிப் பேர் நான்தான் தனபாலன் என்று சண்டை. இன்னும் நாலு பேர் அப்படி வந்தால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கமாட்டீர்கள்.

இந்த ஞாயிறு மழை என்றால் பயிற்சி உண்டா? (பலர்)

மழைக்கு உண்டு. இடி இடித்தால் இல்லை. துண்டும் மாற்றுச் சட்டையும் கொடுத்து அனுப்புங்கள், போன வாரம் மூன்று பேர் என் வேன் சீட்டை நனைத்துவிட்டார்கள்.